பூக்களுக்கு ஓர் அகராதி

லாவெண்டர் பூங்கொத்தைக் கொடுத்தால் 'உன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று பொருள். இப்படிப் பூக்களுக்குப் பொருள் சொல்லும் அகராதிகள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மிகப் பிரபலம்.

இதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் லேடி மேரி வார்ட்லி மாண்டேகு. கணவர் துருக்கியில் ஆங்கிலேயத் தூதர். 1718இல் அங்கிருந்து எழுதிய கடிதத்தில், பூ, முத்து, கிராம்பு, கரித்துண்டு ஆகியவற்றைக் கட்டி அனுப்பிச் சேதி சொல்லும் துருக்கிய வழக்கத்தை விவரித்தார். 1819இல் பாரிஸில் சார்லட் டி லத்தூர் என்ற புனைபெயரில் மலர்மொழி நூல் வந்தது. 1884இல் லண்டனில் ஓவியர் கேட் கிரீனவே படங்களோடு ஒன்று போட்டார். ஆனால் அகராதிகள் ஒத்துப்போகவில்லை. மஞ்சள் ரோஜாவுக்கு ஒன்று பொறாமை என்றது. இன்னொன்று துரோகம் என்றது.

வசதியானவர்கள் வரவேற்பறையில் இப்படிப் பொழுது போக்கிய அதே நூற்றாண்டில், அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. நியூயார்க் தெருக்களில் திரிந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்காக சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற பாதிரியார் 1853இல் ஒரு சங்கம் தொடங்கினார். 1854 முதல் 1929 வரை சுமார் 2 லட்சம் பிள்ளைகள் ரயிலேற்றி மேற்கே அனுப்பப்பட்டார்கள். ஊர் ஊராக அவர்களை நிறுத்தி வைக்க, வந்தவர்கள் பார்த்துப் பொறுக்கிக்கொண்டார்கள். சிலருக்கு அம்மா அப்பா கிடைத்தார்கள். சிலருக்குப் பண்ணை வேலைதான் கிடைத்தது. பிள்ளைகளைப் பிறர் வீட்டில் விட்டு வளர்க்கும் இன்றைய அமெரிக்க முறைக்கு இதுவும் ஒரு முன்னோடி.

இந்த இரண்டு வரலாறுகளையும் ஒரே பெண்ணிடம் சேர்த்து வைத்தது, நான் ஓய்வு பெற்ற பின் படித்த ஒரு நாவல். வனெஸ்ஸா டிஃபன்பா 2011இல் எழுதிய 'தி லாங்குவேஜ் ஆஃப் ஃப்ளவர்ஸ்'. கலிஃபோர்னியாவில் வீடு வீடாக மாற்றப்பட்டு வளரும் விக்டோரியாவுக்கு, மகளாக ஏற்க வந்த எலிசபெத் பூக்களின் பொருளைச் சொல்லித் தருகிறாள். அந்த உறவும் முறிகிறது. 18 வயதில் அரசு கைவிட, பூங்காவில் படுக்கிறாள். பிறகு ஒரு பூக்கடையில் வேலை. எவரோடும் ஒட்டாத அந்தப் பெண், பூ விற்கும் கிராண்டோடு பூக்களாலேயே பேசத் தொடங்குகிறாள். முரண்படும் பழைய அகராதிகளை ஒதுக்கி, இருவரும் தங்களுக்கென ஒன்று தயாரிக்கிறார்கள்.

பணக்காரர்களுக்கு விளையாட்டாக இருந்தது, பேச ஆளில்லாத பிள்ளைக்குத் தாய்மொழியாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. அது புரிகிற இன்னொருவரும் வேண்டும் அல்லவா?

டிஃபன்பா தாமே பிறர் பிள்ளைகளை வளர்த்தவர். 18 வயதில் வெளியே வருபவர்களுக்கு உதவ 'கமேலியா நெட்வொர்க்' என்ற அமைப்பையும் தொடங்கினார். மலர்மொழியில் கமேலியாவுக்கு அவர் தந்த பொருள், 'என் விதி உன் கையில்'. கலிஃபோர்னியாவும் 2012 முதல் படிப்படியாக அந்த வயதை 21 ஆக்கியது.

நம் வீட்டில் 18 வயதுப் பிள்ளையைத் தனியாக வெளியூர் அனுப்பவே யோசிப்போம். நாவல் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.