புகைக்கூண்டும் தரங்கையின் வீழ்ச்சியும்

தரங்கம்பாடியை ஆங்கிலேயர் 1808ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் கைக்கொண்ட செய்தி, சோழமண்டலக் கரை வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சியாகவே தோன்றும். அதன் காரணத்தை நாடிச் செல்வோமாயின், வானத்தைப் போர்க்குப் பயன்படுத்த மேனாட்டார் மேற்கொண்ட முதல் முயற்சிகளோடு அஃது இயைந்திருத்தல் புலனாகும். அவ்வியைபினை ஈண்டு ஆராய்கின்றோம்.

பலூன் எனப்படும் புகைக்கூண்டு 1783இல் பிரான்சு நாட்டில் மாந்தரைத் தாங்கி மேலெழுந்தது. பதினோராண்டு நிரம்பு முன்னரே அது போர்க்களம் புகுந்தது. 1794 ஜூன் 26ஆம் நாள் ஃபிளூரசு என்னுமிடத்து நிகழ்ந்த போரில், கயிற்றாற் பிணிக்கப்பெற்ற கூண்டில் உயர நின்றோர் பகைவர் படைநிலையைக் கண்டு பிரெஞ்சுப் படைத்தலைவர்க்கு அறிவித்தனர். எனினும், கூண்டை நிரப்பும் நீரகவளியை ஆக்குதற்கு நெடும்பொழுதும் பெருங்கருவிகளும் வேண்டியிருந்தமையின், விரைந்து இடம்பெயரும் படைக்கு அது சுமையாயிற்று. 1799இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டது.

1807 செப்டம்பரில் ஆங்கிலேயர் டேனியர் தலைநகராகிய கோபன்கேகனைத் தாக்கினர். அவர் ஏவிய படைக்கலங்களுள் காங்கிரீவ் என்பார் அமைத்த எறிவாணங்களும் உண்டு. அவற்றிற்கு முன்மாதிரியாக அமைந்தவை, ஐதரலியும் திப்புவும் ஆங்கிலேயர்க்கெதிரே ஏவிய மைசூர் இரும்புக்குழல் வாணங்களாம். தென்னாட்டிற் பிறந்த கருவி, தென்னாட்டுக் கரையிற் கோட்டை கொண்டிருந்தார்தம் தலைநகரை எரிக்கத் துணைநின்றமை கருதற்பாலது.

இத்தாக்குதலால் டேனியர் நெப்போலியனைச் சார்ந்தனர். ஆங்கிலக் கப்பல்கள் டேனியத் தீவுகளுக்கு இடைப்பட்ட கடலை மறித்தன. அக்காலத்தே கோல்டிங் என்னும் டேனியர், ஆளில்லாப் புகைக்கூண்டுகளில் மடல்களை வைத்துக் கடல்கடந்து செலுத்த முயன்றார். கூண்டோ காற்றின் வழியே செல்வதன்றிச் செலுத்துவார் கருதிய வழியே செல்வதன்று. ஆதலின், அடைபட்ட கடல்வழிக்கு அது மாற்றாகவில்லை.

அண்மைத் தீவிற்கு மடல் விடுத்தலே அரிதாயின், தஞ்சை இரகுநாத நாயக்கரொடு 1620இற் செய்த உடன்படிக்கையாற் பெற்ற தரங்கையைக் காத்தல் எங்ஙனம் இயலும்? 1815இல் அவ்வூரை மீளப்பெற்றும் பண்டைய வாணிக வளத்தை டேனியர் எய்தவில்லை. 1845இல் ஆங்கிலக் கும்பினிக்கு விற்று நீங்கினர்.

புகைக்கூண்டு கடலை இழந்தார் நாடிய துணை, அத்துணையோ வலியற்றது. டேன்சுபர்க்குக் கோட்டையின் வீழ்ச்சியை அதன் மதிற்புறத்து நின்று மட்டும் அறிதல் இயலாது என்பதும், நம் கரையூர்களின் வரலாற்றை உலகப் போர் வரலாற்றோடு ஒருங்கு வைத்தே ஆராய்தல் வேண்டும் என்பதும் நம் துணிபு.