கடலடியும் சுரங்கத்தடியும்

'கொம்சொமோலெத்ஸ்' என்னும் சோவியத் அணு நீர்மூழ்கிக் கப்பல் 1989 ஏப்ரல் 7 ஆம் நாள் தீப்பற்றி நார்வே கடலில் அமிழ்ந்தது. நாற்பத்திருவர் மாண்டனர். அதன் அணு உலையும், அணுகுண்டு பொருத்திய இரு டார்ப்பிடோக்களும் 1,680 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. 2019 இல் அக்கப்பலின் காற்றுக்குழாய் ஒன்றின் வாயிலில் எடுத்த நீரில், அக்கடலில் வழக்கமாக உள்ளதைப்போல் எட்டு லட்சம் மடங்கு சீசியம் இருந்ததை நார்வே விஞ்ஞானிகள் கண்டனர். எனினும் அது விரைவில் கடல்நீரில் கலந்து நீர்த்துப்போகிறது. அவ்வாழத்தில் மீன்களும் சொற்பமே. ஆதலின் உண்ணும் மீனுக்கு ஊறில்லை என்றனர். அளப்பதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை.

இது விபத்து. அறிந்தே அமிழ்த்தியதும் உண்டு. உலை பழுதுற்ற கே-27 என்னும் கப்பலைச் சோவியத் நாட்டார் 1982 இல் காரா கடலில் மூழ்கடித்தனர். கதிரியக்கக் கழிவு எதனையும் கடலில் கொட்டலாகாது என 1993 இல் உலக நாடுகள் தீர்மானித்தன. நிலத்தின் ஆழமே எஞ்சிய இடமாயிற்று.

நம் நாட்டில் ஆழம் என்றால் கோலார் தங்கவயல்தான். 1880 இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்கங்கள் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கின. தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். கைவிடப்பட்ட ஒரு பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், அணுக்கழிவின் வெப்பத்தைப் பாறை தாங்குமா என்பதை மின் சூடேற்றிகள் வைத்து எட்டு ஆண்டுகள் சோதித்தனர். கழிவு எதுவும் வைக்கப்படவில்லை. இத்தகைய சேமிப்பிடத்தைக் களஞ்சியம் என்று மொழிபெயர்க்கலாம். நெல்லுக்கு வழங்கிய சொல்லை நஞ்சுக்கு வழங்க என் பேனா கூசுகிறது.

2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது, அவ்வுலையின் கழிவைக் கோலாருக்குக் கொண்டு செல்லும் எண்ணம் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. ராபர்ட்சன்பேட்டையும் சுற்றுப்புறக் குடியிருப்புகளும் கொதித்தெழுந்தன. சயனைடு கலந்த மண்மேடுகளின் புழுதியை நெடுங்காலம் சுவாசித்தவர்கள் அன்றோ! சின்னாட்களில், அத்தகைய திட்டமில்லை என மத்திய அரசு அறிவித்தது.

அச்சம் வீண் என்று அப்போது சொன்னவர்களும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பாறை வெப்பத்தைத் தாங்கலாம். நீரின் செய்தி வேறு. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைக்கும் பம்புகளும் பின்னர் ஓய்ந்தன. அந்த ஆழங்களில் நிலத்தடி நீர் புகுந்து நிறைந்துவிட்டது.