கம்பளியும் பொலியெஸ்தரும்: மலையகத் துணியின் வரலாறு

மலையகப் பெருந்தோட்ட வரலாற்றை ஆராய்வோர் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் என்பன பற்றியே மிகுதியும் பேசுவர். தொழிலாளர் உடுத்த துணி அவர்தம் கவனத்தை அதிகம் பெறுவதில்லை. ஆயினும் தோட்டத்துக் கடன் கணக்கில் தொடங்கும் அத்துணியின் கதை, இன்று ஆற்று நீரின் கதையாகவும் மாறியுள்ளது.

கோப்பிக் காலத்திலேயே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்ட நிர்வாகம் கம்பளி வழங்கிற்று. இரவில் போர்வையும் மழையில் கொங்காணியும் அதுவே. அதனைக் கொடையெனக் கொள்ளலாகாது. விலை கூலியிற் கழிக்கப்பட்டது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது. கம்பளியும் பருத்தியும் துவைக்கையில் நூலுதிர்த்தனவே. எனினும் உதிர்ந்தவை நாளடைவில் மக்கின.

1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டறிந்த பொலியெஸ்தர் இழைக்கு அவ்வியல்பு இல்லை. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையை அடுத்து இறக்குமதித் துணிகள் பெருகின. உள்நாட்டுக் கைத்தறி நலிந்தது. ஹற்றன், நுவரெலியாக் கடைத்தெருக்களிலும் செயற்கை இழைச் சேலைகள் குவிந்தன. விலை மலிவு, நீடித்த உழைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக விரைவில் காயும் தன்மை ஆகியன அவற்றை லயங்களுக்குள் கொணர்ந்தன. இதனை நாகரிக மோகமென இகழ்வோர், பருவமழை நாளில் லயத்துக் கொடியில் மூன்று நாளாயும் காயாத பருத்திச் சேலையைக் கண்டிலர் போலும்!

ஒரே ஆடை ஒருமுறை துவைக்கப்படுகையில் 1,900 இற்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என மார்க் பிரவுண் குழுவினர் 2011 இல் காட்டினர். பீலிக்கரையில் உதிர்வன கான்வழியே ஓடைக்குச் செல்கின்றன. ஹற்றன் பகுதி நீர் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியாகக் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை அடைந்து, களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீர் தருகின்றது. நானு ஓயாவின் நீரோ கொத்மலை ஓயாவழியே மகாவலியைச் சேர்கின்றது. நீர்ச் சுத்திகரிப்பு இழைகளிற் பெரும்பகுதியைத் தடுக்கலாம். ஆற்று வண்டலில் அவை படிவதை அது தடுக்காது.

எனினும் பழியைப் பீலிக்கரைப் பெண்கள்மீது சுமத்துதல் பொருந்தாது. 2023 இல் வெளியான சீன ஆய்வொன்றில், பொலியெஸ்தர் துணி இயந்திரத்தில் ஏறத்தாழ 23,700 துணுக்குகளை உதிர்க்க, கையால் துவைக்கையில் ஏறத்தாழ 1,850 மட்டுமே உதிர்ந்தன. பலகையில் தேய்க்குமிடத்து அத்தொகை கூடிற்று என்பதும் உண்மையே. சலவை இயந்திரத்துக்கு வடிகட்டி பொருத்தலாம்; 2020 இல் பிரான்ஸ் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. பீலிக்கு வேண்டியது மணல் நிரப்பிய வடிகுழியும் ஒழுங்கான கானுமாகும். அவற்றை அமைக்கவேண்டியவர் யார்? 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் நிதி செலவிடுவதற்குத் தடையாயிருந்தது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018 இலேயே.