காற்றின் அனுமதி: பொக்ரான், 1998 மே 11

1998 மே 11 காலையில் பொக்ரானில் நடக்கவிருந்த அணுவெடிப்பு, காற்று குடியிருப்புகளை நோக்கி வீசியதால் பிற்பகல் 3.45 வரை தள்ளிப்போனது. இதைப் பற்றி எழுதியவர்கள் பலர் இந்தத் தாமதத்தைக் கதையின் பரபரப்பான இடைவேளையாக மட்டுமே கண்டனர். நிலத்தடிச் சோதனைக்கு வானிலை ஒரு பொருட்டல்ல என்ற எண்ணம் அவர்களுடைய வாசிப்பின் அடியில் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. வெடிப்பை நிறுத்திவைக்கும் உரிமை அன்று காற்றைப் பார்த்தவர்களிடம் இருந்தது என்பதற்கு அந்தத் தாமதமே சான்று.

காற்று தணிந்ததும் வெடித்தார்கள் என்று விவரணைகள் சொல்கின்றன. அந்த நேரம்தான் யோசிக்க வைக்கிறது. மே மாதப் பாலையில் வெயில் ஏற ஏற மேலடுக்குக் காற்று கீழிறங்கிக் கலக்கும். தரைக்காற்று பிற்பகலில் வலுத்து, பொழுது சாய்ந்த பின்னரே அடங்கும். ஆகவே 3.45 மணி அமைதியைப் பருவக் கணக்கு கொடுத்திருக்க முடியாது. களத்தில் நின்று, காற்றை விடாமல் அளந்தவர்களே அதைக் கண்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம் எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் மே மாத நண்பகலில் நின்றால், களத்தில் நின்று அளப்பது ஏன் தேவை என்பது விளங்கும். மேற்கிலிருந்து அனல் அடித்துக்கொண்டிருக்கும். கடற்காற்று நுழைந்ததும் தொழிற்பேட்டைப் புகை திரும்பி மேற்கே சாயும். பக்கத்து மீனம்பாக்கத்தில் வானிலை பலூன் ஏறுவதோ அதிகாலையிலும் மாலையிலும்தான். நடுவில் நிகழும் அந்தத் திருப்பம் இரண்டு பதிவுகளுக்கும் அகப்படாது.

இதே பொக்ரானில் 1974 மே 18 அன்று நடத்திய முதல் சோதனை ஐந்து நிமிடம் தாமதித்து காலை 8.05-க்கு நடந்தது, அப்போது தடையாக இருந்தது கிளம்ப மறுத்த ஒரு ஜீப். 1998இல் தடையாக நின்றது காற்று.

நிலத்தடியில் எல்லாம் அடங்கிவிடுமே என்பார்கள். 1970 டிசம்பர் 18 அன்று நெவாடாவில் நடந்த பேன்பெரி சோதனை 10 கிலோடன். ஆழம் சுமார் 270 மீட்டர். அப்படியிருந்தும் நிலம் பிளந்து கதிரியக்க மேகம் எழுந்தது. அங்கிருந்த ஈரக் களிமண்ணே காரணம் என்பது சரிதான். ஆனால் மண் எப்போதும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பொக்ரானில் 45 கிலோடன் என்று அறிவிக்கப்பட்ட சாதனம் 200 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் இருந்தது. உளவுச் செயற்கைக்கோள்களின் கண்ணில் படாமலிருக்கவே பிற்பகல் வரை காத்திருந்தார்கள் என்ற வாதமும் நிற்காது: வெடித்த மறுகணமே நிலநடுக்கமானிகள் சொல்லிவிடும், அன்று மாலை பிரதமர் வாஜ்பாயியே அறிவித்துவிட்டார்.

கேதோலாய் கிராமம் சோதனைத் தளத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. மணிக்கு பத்துக் கிலோமீட்டர் காற்றுக்கு அது அரை மணி நேரப் பயணம். நில அதிர்வில் சுவர் இடியும் என்பதால் ஊராரை வீட்டுக்கு வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அதிர்விலிருந்து காக்கும் அதே ஏற்பாடு, கசிவு நேர்ந்தால் அவர்களைத் திறந்தவெளியில் நிறுத்திவிடும். அப்போது அவர்களுக்கு மிஞ்சும் காப்பு காற்றின் திசை ஒன்றே. அன்றைய மணிவாரிக் காற்றுப் பதிவுகளை முதலில் கேதோலாய் மக்களுக்குத்தான் திறந்து காட்ட வேண்டும்.