ஓவர்கிளாக்கிங்

ஓவர்கிளாக்கிங் அல்லது மிகைத்துடிப்பாக்கம் என்பது கணினியின் செயலி, நினைவகம், வரைகலை அட்டை முதலியவற்றைத் தயாரிப்பாளர் வரையறுத்த துடிப்பு வேகத்தினும் கூடிய வேகத்தில் இயங்கச் செய்வதாகும். உதிரி உறுப்புகளை வாங்கித் தாமே கணினியை ஒன்றுசேர்ப்போரிடையே இவ்வழக்கம் மிகுதி. ஒரே வகைச் சில்லுகள் யாவும் ஒரே தரத்தில் அமைவதில்லை. அவை அனைத்தும் தாங்கக்கூடிய வேகத்தையே தயாரிப்பாளர் குறிப்பதால், நல்ல சில்லுகளில் சற்று இடைவெளி எஞ்சுகிறது.

செய்முறை

அடிப்படைத் துடிப்பைப் பெருக்கி எண்ணால் பெருக்கினால் செயலியின் வேகம் கிடைக்கும். 1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் பெருக்கி 4.5. தாய்ப்பலகையில் அடிப்படைத் துடிப்பை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக உயர்த்தியதும், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது, விலையோ மலிவு. 2011இல் வந்த சேண்டி பிரிட்ஜ் தலைமுறை முதல் இன்டெல் செயலிகளில் அடிப்படைத் துடிப்பை அதிகம் மாற்ற இயலாது போயிற்று. எனவே பெருக்கி பூட்டப்படாத, 'கே' என்னும் எழுத்தில் முடியும் செயலிகளே இதற்கு ஏற்றவை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலிகளுள் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. மாற்றங்கள் பயாஸ் அமைப்பில் செய்யப்படும்.

வெப்பம்

உயர்ந்த வேகத்தில் நிலையாக இயங்க, பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இங்குதான் சிக்கல் எழுகிறது. செயலி செலவிடும் மின்திறன் துடிப்பு வேகத்திற்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை 3.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5க்கும், மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.35க்கும் உயர்த்துவதாகக் கொள்வோம். வேகம் 36 விழுக்காடு கூடுகிறது. மின்திறனோ ஏறத்தாழ 73 விழுக்காடு கூடுகிறது. 95 வாட் செயலி 164 வாட் வெப்பத்தை உமிழும்.

ஒரு வாட்டிற்கு 0.3 பாகை வீதம் சூடேறவிடும் குளிர்விப்பான் ஒன்று, இச்செயலியை அறை வெப்பத்தினும் 49 பாகை மேலே நிறுத்தும். விசிறியோ நீர்க் குளிர்விப்போ எதுவாயினும் அறை வெப்பத்திற்குக் கீழே செல்ல முடியாது என்பதை நினைவிற் கொள்க. சாதனைக்காகச் செய்வோர் திரவ நைட்ரசன், திரவ ஹீலியம் ஆகியவற்றை நாடுவது இதனால்தான். 2011இல் ஏ.எம்.டி. எஃப்எக்ஸ் செயலி 8.429 கிகாஹெர்ட்ஸையும், 2022இல் இன்டெல் ஐ9-13900கே 9 கிகாஹெர்ட்ஸையும் எட்டியது திரவ ஹீலியத்தின் துணையுடனேயே. அன்றாடப் பயன்பாட்டிற்கு இவை உதவா.

தமிழ்நாட்டுச் சூழல்

இணையத்தில் கிடைக்கும் அளவீடுகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை வரையிலான அறைகளில் எடுக்கப்பட்டவை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கத்திரி வெயில் நாட்களில் பகல் வெப்பம் 40 பாகையைத் தொடுவதுண்டு. குளிர்சாதனம் இல்லாத வீட்டு அறையில் 38 பாகை எனக் கொண்டால், மேற்கண்ட செயலி 87 பாகையில் நிற்கும். 25 பாகை அறையில் அது 74 மட்டுமே. மூடிய கேபினட்டும் வயற்புறத் தூசி அடைத்த விசிறியும் சேர்ந்தால் 100 பாகையை நெருங்கிவிடும். அப்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். பணம் செலவிட்டு வேகமாக்கிய கணினி, மாற்றாமல் விட்ட கணினியைவிட மெதுவாக ஓடும் விந்தை அப்போது நேரலாம்.

இம்மாவட்டத்தின் திருப்பெரும்புதூரில் டெல் நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை 2007இல் தொடங்கப்பட்டது. ஆயினும் நிறுவனக் கணினிகள் பலவற்றின் பயாஸ் அமைப்பில் இத்தகைய மாற்றங்களுக்கு இடமில்லை. ஆகவே உதிரி உறுப்புகளுக்குச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிற்கே பலர் செல்கின்றனர். அங்கு செயலிக்குச் செலவழிப்பதில் சிறிது குறைத்தேனும் தரமான மின்வழங்கி வாங்குவது நன்று. உறையில் 450 வாட் என அச்சிட்ட மலிவான எஸ்.எம்.பி.எஸ். அத்திறனைத் தொடர்ந்து தரும் என எதிர்பார்க்கலாகாது. யூ.பி.எஸ். தெரிவு செய்கையிலும் கூடிய மின்திறனைக் கணக்கிட வேண்டும். 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சோதனை

பெருக்கியை ஒவ்வொரு படியாக உயர்த்தி, பிரைம்95 போன்ற மென்பொருளால் செயலியையும் மெம்டெஸ்ட்86 கொண்டு நினைவகத்தையும் சில மணி நேரம் சோதிப்பது வழமை. கணினி நின்றுபோவதைவிட, நிற்காமலேயே கணக்கில் பிழை செய்வது ஆபத்தானது. கோப்புகள் தெரியாமலே பழுதடையும். மார்கழியில் தேறிய அமைப்பு சித்திரையில் தேறாமற் போகலாம் என்பதால், கோடையின் பிற்பகலில் சோதித்து வேகத்தை முடிவு செய்வதே பொருத்தமாகும். இவ்வாறு இயக்குவதால் ஏற்படும் பழுதுகளுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது.