காபித் தோட்டத்துப் பாம்பு

பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் காபி விளைந்த இடங்களில் ஜராராக்காவும் இருந்தது. காய்ந்த சருகின் நிறம், உடலெங்கும் முக்கோணக் கறைகள், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சின்னக் குழி. நம் மலைக்காடுகளில் உள்ள குழிவிரியனுக்கு அது பங்காளி. தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவர்களின் காலிலும் கையிலும் கொத்தியது. கடிவாய் வீங்கிக் கறுத்தது, இரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருந்தது, சிலர் நாடி தளர்ந்து உடல் சில்லிட்டுச் சரிந்தார்கள். பொட்டுக்காட்டு என்ற ஊரில் வைத்தியம் பார்த்துவந்த விட்டல் பிரேசில் என்ற இளம் மருத்துவர் இந்தச் சாவுகளைக் காணப் பொறுக்காமல் பாம்பு விஷத்தை ஆராயத் தொடங்கினார். 1901-இல் அவர் தலைமையில் புட்டான்டான் நிறுவனம் உருவானது. விவசாயிகள் பாம்பை மரப்பெட்டியில் அடைத்து ரயிலில் ஏற்றிவிட, பதிலுக்கு விஷமுறிவு மருந்து ஊருக்குத் திரும்பிப் போனது. நிறுவனத்தில் குப்பி குப்பியாக விஷம் சேர்ந்தது. முறிவு மருந்தைத் தவிர அந்த விஷத்தால் வேறொரு பயனும் உண்டு என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

கிட்டத்தட்ட அதே காலம், 1898. ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டைகர்ஸ்டெட்டும் அவர் உதவியாளர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து சாறெடுத்து இன்னொரு முயலின் நாளத்தில் ஏற்றினார்கள். அதன் இரத்த அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதை உலகமே மறந்துபோனது. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் ஒரு நாயின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கிடுக்கியால் இறுக்கினார். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்ததும் நாயின் அழுத்தம் ஏறி, ஏறியபடியே நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் புவனோஸ் ஐரிஸிலும் இண்டியானாபோலிஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. ரெனின் கிளப்பிவிடும் அந்தப் பொருள்தான் குழாய்களை நெரித்து அழுத்தத்தை ஏற்றுகிறது. ஆளுக்கொரு பெயர் வைத்து வெகுநாள் சண்டையிட்டு, கடைசியில் இரண்டு பெயரிலும் பாதியை எடுத்து ஆஞ்சியோடென்சின் என்று சமாதானமானார்கள். தீ எங்கே பற்றுகிறது என்று தெரிந்துவிட்டது. அணைக்கத்தான் எதுவும் கையில் இல்லை.

எவ்வளவு இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன், 186/108 என்று குறித்தார். உலகத்தின் ஆகப் பெரிய வல்லரசின் தலைவருக்குக் கொடுக்க முடிந்தது உப்பில்லாச் சாப்பாடு, ஓய்வு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்புறம் தாங்க முடியாமல் வலிக்கிறது என்றார், மயங்கினார். அழுத்தமானி 300/190 காட்டியது. அன்றே மூளை இரத்தக்கசிவில் இறந்துபோனார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தடயம் அந்த நேரத்தில் சாவோ பாவுலோவின் விஷக் குப்பிகளில் உறங்கிக்கொண்டிருந்தது.

1948. காபியைத் தின்னும் பூச்சியை ஒழிப்பதற்காகத் தொடங்கப்பட்ட சாவோ பாவுலோ உயிரியல் நிறுவனத்தில் மவுரிசியோ ரோஷா இ சில்வா வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பாம்பு கடித்தால் உடலில் ஹிஸ்டமின் சுரந்து மனிதன் சரிகிறானா என்பது அவர் கேள்வி. புட்டான்டானிலிருந்து காஸ்தோன் ரோசன்ஃபெல்ட் ஜராராக்கா விஷத்தைக் கொண்டுவந்தார். விஷம் ஏறிய நாயின் இரத்தத்தை எடுத்து, உப்புக்கரைசலில் தொங்கவிட்ட கினிப்பன்றியின் குடல் துண்டின் மேல் விட்டார் வில்சன் பெரால்டோ. ஹிஸ்டமின் பட்டால் குடல் வெடுக்கென்று சுருங்கும். இந்தக் குடலும் சுருங்கியது, ஆனால் அவசரமே இல்லாமல், மெல்ல மெல்ல. ஹிஸ்டமினை முறிக்கும் மருந்தை ஊற்றியும் அது நிற்கவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று குடலை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாததுதான் இந்தக் கதையின் பெரிய அதிர்ஷ்டம். அந்த மெதுவான அசைவுக்குப் பின்னால், குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும் புதிய பொருள் ஒன்று இருந்தது. கிரேக்க மொழியில் ‘மெதுவான அசைவு’ என்று பொருள்பட பிராடிகினின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது விஷத்தில் இல்லை. கடிபட்டவரின் இரத்தத்திலேயே இருப்பது, விஷம் அதை அவிழ்த்துவிடுகிறது. ஆனால் சில நொடிகளில் உடல் அதை அழித்துவிடும். அப்படியிருக்க, பாம்பு கடித்தவர்களின் அழுத்தம் அத்தனை நேரம் எழாமலே கிடப்பது எப்படி?

அந்தப் புதிர் ரோஷா இ சில்வாவின் மாணவர் கைக்கு வந்தது. ரிபெய்ரோ பிரேட்டோ மருத்துவக் கல்லூரியில் செர்ஜியோ ஃபெரெய்ரா விஷத்தைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்தார். பாம்பு இரட்டை வேலை செய்கிறது என்று 1965-இல் எழுதினார். பிராடிகினினை அவிழ்த்துவிடுவது ஒன்று, அதை அழிக்க வரும் நொதியைக் கட்டிப்போடுவது இன்னொன்று. அந்தக் கட்டிப்போடும் கூறைக் கையோடு எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டார்.

அங்கே ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஜான் வேன் ஆஞ்சியோடென்சினில் மூழ்கியிருந்தார். ஆஞ்சியோடென்சின் பிறக்கும்போது பத்து மணிகள் கோத்த சரம், அந்த நிலையில் அதனால் எதுவும் ஆகாது. ஒரு நொதி வந்து நுனியில் இரண்டு மணியை வெட்டிவிட்டால்தான் அது குழாய்களை நெரிக்கும். பிரேசில் விஷத்தை இந்தக் கத்தரிக்கோலின் மேல் சோதித்தால் என்ன என்று வேன் கேட்டார். ஃபெரெய்ராவுக்கு அதில் நாட்டமில்லை, அவர் மனமெல்லாம் பிராடிகினினில் இருந்தது. அதே ஆய்வகத்தில் இருந்த மிக் பாக்லே விஷத்தை வாங்கிச் சோதித்தார். கத்தரிக்கோல் மடங்கிக்கொண்டது. ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியும் பிராடிகினினை அழிக்கும் நொதியும் ஒன்றே என்பதும் பின்னர் உறுதிப்பட்டது. அழுத்தத்தை ஏற்றுவதைத் தயாரித்து, இறக்குவதை ஒழித்துக்கட்டும் ஒரே கை! அந்தக் கையைப் பிடிக்கும் வித்தை ஜராராக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதை மனிதன் விழுங்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவது யார்?

வேன் அமெரிக்காவின் ஸ்குவிப் மருந்து நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். அவர் சொல் கேட்டு நியூஜெர்சியில் டேவிட் குஷ்மனும், அர்ஜென்டினாவில் பிறந்த வேதியியலர் மிகேல் ஒண்டெட்டியும் வேலையில் இறங்கினார்கள். விஷத்திலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கைப் பிரித்து, டெப்ரோடைடு என்று பெயரிட்டு, செயற்கையாகவும் தயாரித்தார்கள். நோயாளிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது அழுத்தம் இறங்கியது. வாய்வழி கொடுத்தால் வயிறு அதைச் சாப்பாட்டைப் போலச் செரித்துவிட்டது. ஆயுள் முழுக்க இருக்கும் நோய்க்குத் தினமும் ஊசி போட்டுக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? சுமார் 2000 வேதிப்பொருட்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுபோலச் சோதித்தும் எதுவும் அகப்படவில்லை. இந்த மருந்து ஏதோ சில நோயாளிகளுக்குத்தான் பயன்படும் என்று நிர்வாகமும் கணக்குப் போட்டது. திட்டம் மூலைக்குப் போனது.

1974 மார்ச் 13, புதன்கிழமை. இருவரும் ஒரு கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பையர்ஸ், வோல்ஃபெண்டன் என்ற இருவர் எழுதியது. மாட்டுக் கணையத்தின் செரிமான நொதி ஒன்றைச் சின்னஞ்சிறு மூலக்கூறு எப்படி அடக்குகிறது என்பது விஷயம். அந்த நொதியின் நடுவிலும் ஒரு துத்தநாக அணு. தங்கள் கத்தரிக்கோலிலும் துத்தநாகம் உண்டு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால்? பார்த்தறியாத ஒரு பூட்டை மனத்துக்குள்ளேயே வரைந்து அதற்குச் சாவி செய்யத் தொடங்கினார்கள். விஷத்துணுக்குகளின் கடைசி மணி எப்போதும் புரோலின் என்ற அமினோ அமிலம் என்பதால் சாவியின் ஒரு முனையில் புரோலின். முதல் சாவி நுழைந்தது, ஆனால் பிடிமானம் போதவில்லை. ஒரு பக்கம் சேர்த்து, மறுபக்கம் குறைத்து, சுமார் 60 மூலக்கூறுகள். துத்தநாகத்தைத் தொடும் முனையில் கந்தகத்தை வைத்தார்கள். பிடி ஆயிரம் மடங்குக்கு மேல் இறுகியது. சோதித்துப் பார்க்கப் பயன்பட்டது எது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். 1948-இல் மெல்லச் சுருங்கிய அதே கினிப்பன்றிக் குடல். புது மூலக்கூறு பட்டதும் ஆஞ்சியோடென்சின் குடலில் வேலை செய்யாமல் நின்றது, பிராடிகினின் முன்னைவிட ஓங்கியது. சாவியின் எண் எஸ்.க்யூ. 14225.

1977-இல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் அரைமனதாக. வேறெதற்கும் அடங்காத நோயாளிகளுக்கு மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்ததில் சிலருக்குத் தோலில் தடிப்பு, நாக்கில் ருசி மரத்துப்போதல், வெள்ளணுக்கள் குறைதல் என்று தொல்லைகள் வந்திருந்தன. அளவைக் குறைத்தார்கள். தொல்லை குறைந்தது, அழுத்தமும் கட்டுக்குள் நின்றது. 1987-இல் இதே குடும்பத்து மருந்து ஒன்று, இதயம் பலவீனமாகிப் படுத்த படுக்கையான 253 பேரிடம் சோதிக்கப்பட்டபோது, ஆறு மாதத்தில் இறப்பு 40 சதவீதம் குறைந்தது. 1993-இல் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தையும் எஸ்.க்யூ. 14225 காப்பதாகத் தெரிந்தது.

அந்தச் சாவியின் மருந்துப் பெயர் கேப்டோபிரில். அதன் பின்னால் கந்தகம் இல்லாத எனலாபிரில், லிசினோபிரில், ராமிபிரில். மருந்துக்கடைக்காரர் கத்தரியால் நறுக்கிக் காகித உறையில் போட்டுத் தரும் அட்டையில், காலைக் காபிக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு காத்திருக்கும் அந்தப் பிரஷர் மாத்திரையின் பெயர் ‘பிரில்’ என்று முடிந்தால், அது ஜராராக்காவின் வம்சம். குஷ்மனுக்கும் ஒண்டெட்டிக்கும் 1999-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. காப்புரிமை ஸ்குவிப்பிடம் இருந்தது. குப்பியோடு கடல் கடந்த ஃபெரெய்ரா 2016-இல் காலமானார். விழுங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தொண்டையில் ஒரு வறட்டு இருமல் வந்து ஒட்டிக்கொள்ளும். சளி இருக்காது, கஷாயத்துக்கும் தேனுக்கும் அடங்காது. கத்தரிக்கோலைக் கட்டிப்போட்டதால் அழியாமல் தேங்கி நின்று இருமச் செய்வது பிராடிகினின் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சீட்டில் பழைய பெயரை அடித்து, ‘சார்ட்டான்’ என்று முடியும் வேறொரு பெயரை எழுதுகிறார்.