பரத்பூருக்கு வாராதொழிந்த பறவை

வேலியிட்டுக் காத்தலால் மட்டும் ஓர் உயிரினம் நிலைபெறுமோ என்னும் வினாவுக்கு, வட இந்தியாவிலுள்ள பரத்பூரின் வரலாறு விடை கூறுகின்றது.

பரத்பூர் மன்னர் தாழ்நிலமொன்றில் நீர்தேக்கி அமைத்த சதுப்புநிலம், அங்குள்ள சிவாலயத்தின் பெயரால் கேவலாதேவ் எனப்பட்டது. முதலில் அது வேட்டைக்களமாகவே விளங்கிற்று. 1938 நவம்பரில் அரசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். 1956இல் அந்நிலம் பறவைச் சரணாலயமாயிற்று. ஆயினும் மன்னரின் வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது.

மேற்குச் சைபீரியாவிற் குஞ்சு பொரித்த சைபீரியக் கொக்குகள் குளிர்காலந்தோறும் இங்கு வந்தன. வயலோரத்துச் சிறு கொக்கினின்றும் வேறான இப்பறவை, ஏறத்தாழ நாலரை அடி உயரமும் தூவெண்ணிறமும் செம்முகமும் உடையது. ஆழமற்ற நீரிற் சேற்றைக் கிளறிக் கிழங்குகளை உண்பது. 1960களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 200 பறவைகள் காணப்பட்டன. பின்னர் ஆண்டுதோறும் தொகை அருகியது.

காவல் குறைந்தமையால் நேர்ந்த அழிவன்று இது. 1982இல் கேவலாதேவ் தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. 1982இலேயே எருமை மேய்ச்சலும் தடைசெய்யப்பட்டது. அதனை எதிர்த்த கிராமத்தவருட் சிலர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். ஆனால், எருமைகள் அகன்றபின் நீர்ப்புல் மண்டிச் சதுப்பை மூடியதெனப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு காட்டிற்று. பறவையின் நலங்கருதி மாந்தர்மீது சுமத்தப்பட்ட தடை, பறவைக்கும் நலந்தரவில்லை.

மேலும், கொக்கின் வாழ்வு பூங்காவின் எல்லைக்குள் அடங்குவதன்று. அது பல நாடுகளைக் கடந்து, ஆப்கானிஸ்தானத்து ஆபி இஸ்தாதா ஏரியில் இளைப்பாறி வந்தது. வழியில் வேட்டையாடுவோர் இருந்தனர். 1979 முதல் அந்நாட்டிற் போரும் மூண்டது. வழியிலுள்ள நாடுகளை இணைக்கும் உடன்பாடு 1993இலேயே உருவாயிற்று. அதற்குள் ஒருசில பறவைகளே எஞ்சியிருந்தன. 2001–2002 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்து சென்றது. அதன்பின் அங்கு எதுவும் வரவில்லை.

கிழக்குச் சைபீரியாவிற் பிறந்து, சீனத்துப் போயாங் ஏரிப் பகுதியிற் குளிர்காலங் கழிக்கும் இவ்வினக் கொக்குகள் இன்றும் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. ஆகவே இனம் முற்றாக மறைந்திலது. இந்தியாவுக்கு வரும் வழியறிந்த கூட்டமே மறைந்தது. இளங்கொக்குகள் பெற்றோரைத் தொடர்ந்து பறந்தே வழியறிவன. வழிகாட்டும் மூத்த பறவைகள் மடியின், அவ்வறிவும் உடன் மடியும். தங்குமிடத்தைக் காத்தோர் வழியைக் காவாது விட்டனர் என்பதே பரத்பூர் உணர்த்தும் பாடமாகும்.